எனாமல் காப்பும் என் முன்பல்லும்

சாலை பஜார் நகைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் முதலாளி என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் என் பல்லைப் பற்றிப் பெருமையாக ஏதாவது வந்தால் அதையும் கழித்துவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலையும் இல்லை, வீட்டில் நான் பேசினால் கேட்க ஆளும் இல்லை.

முப்பத்தைந்து வருடம் அந்தக் கடையில் பழைய நகை பார்த்தேன். உருக்குவதற்கு வரும் நகை வேறு, உருக்கக் கூடாத நகை வேறு. என் மேசைக்கு வந்தவை இரண்டாவது வகை. அதிலும் எனாமல் வேலை செய்தவை. கண்ணாடியை மாவாக அரைத்து, நிறம் சேர்த்து, தங்கத்தில் வெட்டிய பள்ளத்தில் நிரப்பிச் சூளையில் வைத்தால் உருகி அப்படியே பிடித்துக்கொள்ளும். நூறு வருடம் ஆனாலும் நிறம் போகாது. ஆனால் என்ன இருந்தாலும் கண்ணாடி. கீழே விழுந்தாலோ, சூட்டிலிருந்து சட்டென்று குளிரில் இறங்கினாலோ தெறித்துவிடும். தெறித்த இடத்தில் மறுபடி எனாமல் வைக்கிறவர் நம் பக்கத்தில் கிடையாது. அதனால் நிறம் கலந்த ரெசின் பசையை அடைத்துத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தங்கம் எத்தனை காரட் என்று சொல்லும் மெஷினிடம் கேட்டால் அது தங்கத்தைப் பற்றி மட்டும்தான் பேசும்.

அப்போது பேச வேண்டியது நம் வாய். நிஜமான வாயைத்தான் சொல்கிறேன். நகையின் நிறம் உள்ள இடத்தை மேல்வரிசை முன்பல்லில் மெல்லத் தட்ட வேண்டும். கண்ணாடி என்றால் 'டிங்' என்று கேட்கும், குளிர்ச்சி பல்லின் வேர்வரை போகும். ரெசின் என்றால் 'தொப்'. அவ்வளவுதான் வித்தை. இதை எனக்குக் காட்டியவர் ஜெய்ப்பூரிலிருந்து பெட்டியோடு வந்து தம்பானூர் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வியாபாரி. நான் கொண்டுபோன பதக்கத்தை வாங்கி அவர் வாய்க்குக் கொண்டுபோனார். முழுங்கப் போகிறார் என்று நினைத்து நான் அவர் தாடையைப் பிடித்துவிட்டேன். அந்த மனுஷனுக்குக் கோபம் வந்து கடைசிவரை பேர்கூடச் சொல்லவில்லை. ஆனால் வித்தையை மறைக்கவும் இல்லை.

என் பல் நல்ல பல். கொஞ்ச நாளில் பேர் வாங்கிவிட்டது. வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலாளி, "நம்ம கடையில மெஷின் ரெண்டு இருக்காக்கும். ஒண்ணு அந்த மூலையில, இன்னொண்ணு நம்ம அண்ணாச்சி வாயில" என்பார். நானும் சிரிப்பேன். சிரித்தால் பல் தெரியும் அல்லவா, விளம்பரமும் ஆயிற்று.

ஓய்வு பெறுவதற்கு இரண்டரை வருடம் முன்பு, ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் நகைப் பெட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு வித்துரா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் நடுரோட்டில் ஒரு மாடு படுத்திருந்தது. டிரைவர் பிரேக் போட்டார். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். முன்சீட்டுக் கம்பி என் மேல்வரிசையில் நாலு பல்லைக் கொண்டுபோயிற்று. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல் டாக்டர் அச்சு எடுத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி நாலு பல் செய்து கொடுத்தார். அசலைவிட அழகு. கடைக்கு வைரல் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது முதலாளி என்னை உற்றுப் பார்த்து, "காய்ச்சல் வந்துட்டுப் போனதுல முகம் நல்லா தெளிஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றார். உள்ளே போய், எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரிந்த ஒரு நல்ல எனாமல் பதக்கத்தை எடுத்துத் தட்டினேன். 'தொப்'. பக்கத்தில் ரெசின் அடைத்த ஒரு தோடு இருந்தது. அதைத் தட்டினேன். 'தொப்'. என் கையில் இருந்த சாவியைத் தட்டினேன். அதுவும் 'தொப்'தான்.

இந்த இடத்தில் நான் நேராக முதலாளியிடம் போய், என் பல் போயிற்று, இனி லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மானம் போய்விடும் என்று பயந்தேன். அதன் பிறகு வாடிக்கையாளர் முன்னால் பல்லில் தட்டுவேன், கண்ணை மூடி யோசிப்பேன், "டார்ச் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளறைக்குப் போய் லென்ஸில் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓய்வுக்குச் சில மாதம் இருக்கையில் கரமனையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இரண்டு சகோதரிகள். மூத்தவர் பகவதியக்கா, சர்க்கார் ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், தாய் வீட்டிலேயே தங்கிவிட்டவர். இளையவர் நீலா டீச்சர், வித்துராவில் முப்பது வருடம் கெமிஸ்ட்ரி எடுத்தவர். அவர்கள் அம்மாவுக்கு ஒரு ஜோடி தங்கக் காப்பு இருந்தது. பச்சைக் கிளியும் சிவப்புப் பூவும் எனாமலில் செய்த பழைய காப்பு. அம்மா போன பிறகு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் இரண்டு காப்பையும் சேர்த்து மணப்பெண் கையில் போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். நீலா டீச்சர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஒன்பது நாள் இருக்கும்போது இரண்டு காப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அக்காவுடைய கிளி பளபளவென்று இருந்தது. தங்கையுடையது மங்கல்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். அக்கா ஒரு நாற்காலியில், தங்கை எதிர் மூலையில் இன்னொரு நாற்காலியில். நடுவில் தாம்பாளத்தில் இரண்டு காப்பு.

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் பறையல்ல" என்றார் நீலா டீச்சர். "நல்லதை அவ வச்சிக்கிட்டு டூப்ளிக்கேட்ட எனக்குத் தந்தாளான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

"கேட்டாளாம்! இதுக்கு மேல என்ன கேக்கணும்? என்னைக் கள்ளீன்னு சொன்ன வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். அது ஒறப்பு" என்றார் அக்கா. சொல்லும்போது அவர் தங்கையைப் பார்க்கவில்லை, காப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மணப்பெண் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா இல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிறாளாம்.

"ரெண்டையும் கடைக்குக் கொண்டுபோய் நிதானமா பாத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். என் லென்ஸ் கடையில் இருந்தது.

"காப்பு இந்தப் படி இறங்கப்படாது" என்றார் பகவதியக்கா. "இங்கயே பாத்துச் சொல்லுங்க. உங்க பல்லு போருமே."

பத்துப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள். வெளியே மழை, உள்ளே வெளிச்சம் போதாது, எனக்கு மூக்குக்கண்ணாடியும் மங்கியிருந்தது. முதல் காப்பை எடுத்துத் தட்டினேன். 'தொப்'. இரண்டாவதைத் தட்டினேன். 'தொப்'. அழுகிற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருப்பதை நினைத்தேன். இரண்டும் ரெசின் என்று சொன்னால் செத்துப்போன அம்மாவையே பொய்யாக்கினது மாதிரி ஆகும். கண்ணை மூடி, தலையை ஆட்டி, "ரெண்டும் ஒரே சூளையில வெந்த சாமானாக்கும். ரெண்டும் அசல். ஒண்ணுல அழுக்கு சேர்ந்திருக்கு, வேற பிரச்சினை ஒண்ணும் இல்ல" என்றேன்.

தங்கை ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அழுதார். மணப்பெண் எனக்குப் போளியும் பால்பாயசமும் கொண்டுவந்து வைத்தாள். கடையின் வழக்கப்படி இரண்டு காப்பையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போளியைக் கடித்தேன். நல்ல போளி, கொஞ்சம் கூடுதலாகவே இழுவையாக இருந்தது. கடித்து இழுத்ததில் என் நாலு பல்லும் போளியோடு போய்விட்டது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கையில் போளியோடு பின்பக்கத்துக் குழாயடிக்கு ஓடினேன். காரம் ஏறிவிட்டது என்று சொன்னேன். போளியில் எப்படிக் காரம் வரும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கலான காப்பில், அழுக்குக்கு அடியில், கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. பளபளத்த காப்பின் பச்சை முழுவதும் மெல்லிய கீறல்கள். எனாமல் தெறிக்கும், ஆனால் போட்டுப் பழகிய தேய்மானத்தில் அப்படிக் கீறாது. ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழும் இருந்தது. அக்காவுடையது ரெசின்.

சொன்னால், தங்கைதான் மாற்றிவிட்டாள் என்று அக்கா கிளம்பலாம். சொல்லாவிட்டால், பொய் என்று தெரிந்தும் பொய்யை அசல் என்று விட்டவன் ஆவேன். தெரியாமல் சொன்னது தப்பு, தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அதற்குப் பேர் வேறு. இரண்டு நாள் இந்த யோசனையிலேயே போயிற்று. மூன்றாம் நாள் கரமனைக்குப் போனேன்.

பகவதியக்கா தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். எனக்குப் புரியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க செய்த உபகாரத்த நான் மறக்க மாட்டேன்" என்றார். "எனக்குத் தெரியும். என்னோடது பொய்ப்பச்சைன்னு நீங்க கண்டுபிடிச்சாச்சு. எல்லாரு முன்னாலயும் என் மானத்தக் காப்பாத்தணும்னுதானே ரெண்டும் அசல்னு சொன்னீங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். அம்மா படுக்கையில் இருந்த காலம். திருவாதிரைக்கு அம்மா கையில் காப்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்து, ஒரு காப்பைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார். கொதித்ததை எடுத்து அப்படியே கிணற்றுத் தண்ணீர் இருந்த சட்டியில் போட்டார். சடசடவென்று சத்தம். கிளியின் பச்சை முழுக்கத் தெறித்துச் சட்டியில் கிடந்தது. ஒரு ஆசாரியைப் பிடித்து ரெசின் அடைத்து அம்மா கையில் மாட்டிவிட்டார்.

"அம்மா கடசி வரைக்கும் அதப் பாத்து, பச்சை எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேதான் போனா. எனக்கு நெஞ்சு பொடிஞ்சு போகும். பங்கு வச்சப்போ உடஞ்சத நான் எடுத்துக்கிட்டேன். நல்லதை நீலாக்குக் கொடுத்தேன். ஆனா அத எப்படி வாய்விட்டுச் சொல்லுவேன், அண்ணாச்சி? அம்மா காப்ப உடச்சவ நானாக்கும்னு சொல்லவா?"

நீங்கள் நாலு பேரும் இந்த இடத்தைக் கவனியுங்கள். என் எதிரில் ஒரு நல்ல மனுஷி கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். நான் கண்டுபிடித்தேன், கருணையால் மறைத்தேன் என்று நம்புகிறார். நான் செய்ய வேண்டியதெல்லாம் லேசாகத் தலையை ஆட்டுவதுதான். பல்லுக்கும் பேர், மனசுக்கும் பேர். உண்மையைச் சொல்கிறேன், தலை பாதி ஆடிவிட்டது. மீதிப் பாதி ஆடுவதற்குள் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. கைக்குட்டையை எடுத்து, நாலு பல்லையும் கழற்றி, அவர் முன்னால் நீட்டினேன்.

"எனக்கு ஒந்நும் தெரியல்லக்கா" என்றேன். பல் இல்லாததால் பாதிக் காற்று வந்தது. "இது பிளாஸ்டிக். எத தட்டினாலும் ஒரே சத்தமாக்கும்."

பகவதியக்கா என் கையைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திடீரென்று சிரிப்பை நிறுத்தி, "அப்போ மூணு நாளா உங்க பேருல நான் அம்பலத்துல விளக்குப் போட்டது?" என்று கோபமாகக் கேட்டார். நான் பல்லை மாட்டிக்கொண்டேன்.

"டீச்சர்கிட்டயும் நான் சொல்லணும்க்கா. அவங்களுக்கும் சேர்த்துத்தானே தீர்ப்பு சொன்னேன்" என்றேன்.

"நீங்க மிண்டப்படாது, வாயத் தொறக்கவே படாது. கல்யாணம் முடியட்டும், நானே சொல்லுதேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது (வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்) நிதானமாக யோசித்தேன். காப்பு உடைந்த கதை அக்காவுடையது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல் உடைந்த கதை என்னுடையது. அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததுதான் முப்பத்தைந்து வருட வேலையில் நான் சரியாகப் பிரித்துப் பார்த்த உருப்படி என்று சொல்வேன். கடைக்குப் போகும் முன்பே தெருமுனையில் நின்று நீலா டீச்சரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், அன்னைக்கு நான் சொன்ன தீர்ப்ப எடுத்துக்கிடாதீங்க. எனக்கு முன்பல்லு வைப்புப்பல்லு. தட்டினா ஒண்ணும் தெரியாது. வேண்டியிருந்தா வேற ஆளக் காட்டிக்கிடுங்க. எது எப்படீன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

"அறியாம் அண்ணாச்சி, எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க போளியும் கையுமா ஓடினீங்க இல்லியா, போளியில நாலு பல்லு சிரிச்சிட்டிருந்தது. நான் பாத்தேன்."

நான் தெருவில் நின்றபடியே வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நீங்க குழாயடியில நின்னப்போ காப்பு ரெண்டும் தாம்பாளத்துல வெறுதே கிடந்தது. நான் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவ. ஒரு எக்ஸ்பெரிமென்ட் கண்ணு முன்னால பாத்துட்டு செய்யாம விடுவேனா? எனக்கு ஒரு பல்லுகூடப் போகல்ல. தட்டினேன். என்னோடது டிங். அக்காவோடது தொப்."

"பின்ன ஏன் டீச்சர் அப்பவே சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நல்லதை எனக்குத் தந்துட்டுப் பொய்ய அவ வச்சிருக்கா. அவளப் போயி நான் என்ன கேட்டேன் தெரியுமா, டூப்ளிக்கேட்ட எனக்குத் தந்தியான்னு கேட்டேன்." அவர் குரல் உடைந்தது. உடனே டீச்சர் குரல் திரும்பிவிட்டது. "உங்க போன் வருமான்னு பாத்துட்டிருந்தேன். மூணு நாள் லேட். சாரமில்ல, போகட்டும், பாஸாயிட்டீங்க. ஆனா எனக்குத் தெரியும்ங்கறத அக்காகிட்ட மிண்டப்படாது, கேட்டேளா?"

அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'மிண்டாதே' என்றார். தங்கையும் அதே மாதிரி. மணமேடையில் பெண் இரண்டு கையிலும் கிளிக் காப்போடு உட்கார்ந்திருந்தாள், இரண்டும் துடைத்த பளபளப்பில் ஒன்றுபோல மின்னின. பெரியம்மாவின் கையை அவள் விடவேயில்லை. நான் அன்றைக்கு வாயைத் திறந்தது சாப்பிட மட்டும், அதுவும் போளியைத் தொடவில்லை.

முதலாளியிடமும் சொன்னேன். "ரெண்டு வருஷமா பின்ன என்னத்தத் தட்டினீங்க?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த எல்லாவற்றையும் இருவரும் லென்ஸ் வைத்துத் திரும்பப் பார்த்தோம். இரண்டு உருப்படியில் பிசகியிருந்தேன். உரியவர்களுக்கு நானே போன் செய்தேன். ஒருவர் நன்றி சொன்னார், ஒருவர் அரைமணி நேரம் திட்டினார். இரண்டாமவர் செய்ததுதான் நியாயம்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பகவதியக்கா கடைக்கு வந்தார். கைப்பையைத் திறந்து காப்பை என் மேசையில் வைத்தார்.

"இது என்னோடது இல்ல அண்ணாச்சி" என்றார். "என்னோட காப்புல பச்சையில கீறல் உண்டு, எனக்கு ஒவ்வொண்ணும் தெரியும். இதுல கீறலே காணல்ல. நான் அவகிட்ட விஷயத்தச் சொல்லும் முன்னயே நீலா கை தவறி மாத்தித் தந்துட்டா. நல்லா பாத்துச் சொல்லுங்க, கொண்டுபோயி கொடுக்கணும்."

நான் லென்ஸை எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டேன். "எங்கிட்ட பல்லு இல்லக்கா. நீங்களே தட்டிப் பாருங்க" என்றேன்.

அவர் கூச்சத்தோடு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காப்பை வாய்க்குக் கொண்டுபோனார். 'டிங்'. மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அவர் மறுபடியும் தட்டினார். மூன்றாம் தடவையும் தட்டினார். கண் நிறைந்துவிட்டது.

"தெரிஞ்சுதான் தந்திருக்கா, இல்லியா?"

"டீச்சர் எங்கிட்ட மிண்டப்படாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"கழுதை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தரம் உடச்சவகிட்டயே திரும்பத் தந்திருக்காளே அண்ணாச்சி, எனக்கு இத எப்படிக் கழுவணும்னாவது சொல்லித் தாருங்க."

சீட்டு ஒன்றை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'வெந்நீர் வேண்டாம்.' அவர் அதை நாலாக மடித்து, காப்போடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.